வுட்காக்ங்கிற பறவையத் தேடி கொடைக்கானலுக்குத் தனியா போனேன், ராத்திரி காட்டோரம் மாட்டிக்கிட்டேன்

இத எழுதணும் எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே வந்தேன், எட்டு மாசம் ஓடிருச்சு. வீட்ல இன்னிக்கு வரைக்கும் முழுசா சொல்லல, கேமரா தண்ணில விழுந்துச்சு, காய்ச்சல் வந்துச்சு, அவ்வளவுதான் அவங்களுக்குத் தெரியும். இப்ப ஏன் எழுதுறேன்னா, போன வாரம் ஒரு காலேஜ் பையன் மெசேஜ் பண்ணான், "அண்ணே அந்த ஸ்பாட்டோட லொகேஷன் மட்டும் அனுப்புங்க, நான் தனியா போய் பாத்துக்கறேன்"னு. படிச்சதும் வயித்தக் கலக்கிருச்சு. நானும் இதே வார்த்தையத்தான் இன்னொருத்தர்கிட்ட சொன்னேன், அவரும் மேப்ல எடத்தக் குறிச்ச ஒரு பின் மட்டும் அனுப்பிட்டு விட்டுட்டாரு, அதுக்கப்புறம் நடந்ததத்தான் சொல்லப் போறேன்.

மதுரைல டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்சிருக்கேன். பறவை பாக்குறது ஆறு வருஷமாத்தான். வண்டியூர் கண்மாய்ல காலைல வாக்கிங் போறப்ப ஆரம்பிச்சது, அப்பறம் சாமநத்தம் கண்மாய், அப்பறம் கூந்தன்குளம், அப்படியே பைத்தியம் புடிச்ச மாதிரி ஆகிருச்சு. பைனாகுலர் வாங்கி, ரெண்டு வருஷம் கழிச்சு லோன் போட்டு கேமராவும் பெரிய லென்ஸும் வாங்குனேன். போன வருஷக் கடைசில என் லிஸ்ட்ல 214 பறவை. இந்த நம்பர் ஏற ஏற ஒரு வெறி வரும் பாருங்க, அத அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். ஊருக்குள்ள இருக்குறதெல்லாம் முடிஞ்சிரும், அடுத்தது யாரும் சுலபமா பாக்காத ஒண்ணு வேணும்னு மனசு கேக்கும். எனக்கு அப்படி மாட்டுனது வுட்காக்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். தண்ணியோரம் திரியிற உள்ளானுக்குச் சொந்தம்தான், ஆனா அதவிடப் பெரிசு, குண்டா ஒரு புறா அளவு இருக்கும், நீட்டமா நேரான மூக்கு. இமயமலைல குஞ்சு பொரிச்சிட்டு குளிர்காலத்துல தெக்க நீலகிரி, பழனி மலை மாதிரி உசரமான எடத்துக்கு வரும். பகல் முழுக்க சோலைக்குள்ள ஈரமான எடத்துல சருகோட சருகா ஒக்காந்திருக்கும், ஒடம்பே காஞ்ச எல கலருதான், காலுக்கு ரெண்டடி முன்னாடி இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, மிதிக்கப் போற நேரத்துலதான் சடார்னு எந்திரிச்சுப் பறக்கும். கண்ணு ரெண்டும் தலைல மேலயும் பின்னாலயும் தள்ளி இருக்குறதால முதுகுக்குப் பின்னாடி வர்ற ஆளையும் அதால பாக்க முடியும். மூக்கோட நுனி மட்டும் மண்ணுக்குள்ள தனியா தொறக்கும், அப்படியே மண்புழுவப் புடிச்சு இழுக்கும். இருட்டுற நேரத்துல சோலைய விட்டு வெளிய பறந்து சதுப்பு, ஓடைக்கரை, ஈரப் புல்லுன்னு எற தேடப் போகும். வெள்ளைக்காரன் காலத்துல நீலகிரில இத சுடுறதுக்குன்னே சீசன் பாத்து கெளம்புவாங்களாம். மூணு மாசம் ராத்திரி ராத்திரி ஒக்காந்து இதையெல்லாம் படிச்சேன். உள்ளானுக்கு தலைல கோடு நெடுக்க ஓடும், வுட்காக்குக்கு குறுக்க பட்டை பட்டையா இருக்கும், இது வரைக்கும் மனப்பாடம். ஆனா போற மலையப் பத்தி ஒரு வரி படிக்கல. எந்தெந்த எடம் காப்புக்காடு, எத்தன மணிக்கு இருட்டும், எந்த நெட்வொர்க் கெடைக்கும், காட்டுமாடு எந்த நேரத்துல எறங்கும், ஒண்ணும் தெரியாது. என்ன கேட்டா நான் பண்ணதுலயே பெரிய தப்பு இதுதான், மத்ததெல்லாம் இதுலேர்ந்து வந்ததுதான்.

பறவை பாக்குறவங்க குரூப்ல ஒருத்தர் மங்கலா வுட்காக் போட்டோ ஒண்ணு போட்டிருந்தாரு, மன்னவனூர் போற ரோட்டுல எங்கயோ எடுத்தது. தனியா மெசேஜ் பண்ணிக் கெஞ்சி பின் வாங்குனேன். அப்பறம் ஒரு கைடு நம்பர் கெடச்சது, போன் பண்ணேன், "வாங்க சார், நூறு சதவீதம் காட்டித் தரேன்"ன்னாரு. ரெண்டு நாளுக்கு 7,000 சொல்லி 3,500 அட்வான்ஸ் கேட்டாரு, உடனே போட்டு விட்டேன். இங்க ஒரு நிமிஷம் நிறுத்துறேன். இந்தப் பறவைய நூறு சதவீதம் காட்டுறேன்னு யாராவது சொன்னா அவரு அத முன்னபின்ன தேடுனதே இல்லன்னு அர்த்தம். நல்ல கைடு, பாக்கலாம் சார், மழை எப்படி இருக்குன்னு பாத்துட்டுச் சொல்றேன்னுதான் பேசுவாரு. அவரோட ஏற்கனவே போன ரெண்டு பேர்கிட்டயாவது விசாரிங்க, அட்வான்ஸ் ஆயிரத்துக்கு மேல குடுக்காதீங்க, மீதிய நேர்ல பாத்துட்டுக் குடுங்க. இன்னொண்ணு, போன்ல பறவைக் குரலப் போட்டு பறவைய வரவழைக்கிறேன்னு சொல்ற ஆளு வேண்டவே வேண்டாம். வுட்காக் அதுக்கு வரவும் வராது, மத்த பறவைங்க குரலப் போட்டா அதுங்கதான் தன் எல்லைக்கு வேற ஆளு வந்துருச்சுன்னு பதறிப் போயி எறைய விட்டுட்டு அலையும்.

மார்கழி கடைசி. பொங்கல் கூட்டத்துக்கு முன்னாடி போயிட்டு வந்துரலாம்னு கடைய மூடிட்டு ஆரப்பாளையத்துல பஸ் ஏறுனேன். கார்ல போறவங்க 2024 மே 7லேர்ந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் எடுக்கணும், நெட்ல பதிஞ்சு வாங்கணும், கவர்மென்ட் பஸ்ல போறவங்களுக்கு அது தேவையில்ல. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஏற சந்தோஷம் தாங்கல, ஜன்னல்ல மூஞ்சிய வச்சுக்கிட்டே போனேன். எறங்கி கைடுக்குப் போன் பண்ணா சுவிட்ச் ஆஃப். சாயங்காலம் வரைக்கும் பண்ணிப் பாத்தேன், ராத்திரி ஒரு மெசேஜ் வந்துச்சு, சொந்தத்துல ஒரு சாவு, நாளைக்கு வேற ஆள அனுப்புறேன்னு. வேற ஆளும் வரல, காசும் வரல, இன்னிக்கு வரைக்கும். அப்பவே மனசுக்குள்ள ஒரு வேகம் வந்துருச்சு, நீ இல்லன்னா என்ன, என்கிட்ட பின் இருக்குன்னு. அந்தக் கோவத்தோட தூங்குனேன், காலைல எந்திரிச்சப்பயும் அந்தக் கோவம் இருந்துச்சு, முடிவெல்லாம் அந்தக் கோவத்துலதான் எடுத்தேன்.

மறுநாள் காலைல வட்டக்கானல் பக்கம் ஒரு சோலை ஓரமா நடந்தேன். இப்ப நெனச்சா மனசு வலிக்கிறது இந்தக் காலைதான். ரோட்டோரமே ஒரு புதர்ல பழனி சிரிப்பான் கூட்டம், ஏழெட்டு இருக்கும், பழம் தின்னுக்கிட்டு கலகலன்னு ஒரே சத்தம். பத்தடி தள்ளி கீழ ஈர மண்ணுல ஒரு சோலைக்கிளி, பேர்லதான் கிளி, சின்னக் குருவி மாதிரி இருக்கும், நீலக் கலரு, வயித்துல வெள்ளை, ஓடி ஓடி நின்னு என்னப் பாக்குது. கருப்பும் ஆரஞ்சுமா ஈப்பிடிப்பான் ஒண்ணு மூங்கில் குச்சில. மூணுமே மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா ஒலகத்துல வேற எங்கயும் கெடையாது. பாலக்காட்டு கணவாய்க்கு வடக்க நீலகிரில இருக்குற சிரிப்பான் வேற, சோலைக்கிளி வேற, தெக்க பழனி மலைல இருக்குறது வேற, மலைக்கு மலை தனித்தனியாப் பிரிஞ்சு போச்சு. 2017ல ஒரு ஆய்வு வந்த பெறகுதான் இதுங்களுக்கு ஷோலிகோலா, மான்டிசிங்க்லான்னு தனிப் பேரினமே வச்சாங்க, நம்ம ஊரு சோலைங்கிற வார்த்தை அந்தப் பேர்ல இருக்கு. அப்படிப்பட்ட பறவை காலடில நிக்குது, நான் ரெண்டு போட்டோ எடுத்து லிஸ்ட்ல டிக் போட்டுட்டு போன எடுத்து மேப்பப் பாத்தேன். பத்து நிமிஷம் கூட நிக்கல. வுட்காக் வுட்காக்னு ஒரே நெனப்பு.

மத்தியானம் ஒரு ஜீப் பேசி, போக வர 2,800, மன்னவனூர் ரோட்டுல பின் காட்டுற எடத்துக்குப் பக்கத்துல எறங்குனேன். எந்த எடம்னு இங்க போட மாட்டேன், கேக்காதீங்க, போட்டா அடுத்த மாசமே அந்தச் சதுப்பு முழுக்க ஷூ தடமாத்தான் இருக்கும். டிரைவர் ஏழு மணிக்கு வர்றேன்னு போயிட்டாரு, அவரு நம்பர வாங்குனேன், ஆனா அங்க சிக்னல் இருக்கான்னு பாக்கல. ரோட்டுலேர்ந்து ஒத்தையடிப் பாதை, மொதல்ல சீகை மரக்காடு, அப்பறம் பைன், அதுக்குள்ள எறங்குனா ஒரு பள்ளம், அங்கதான் சோலை கொஞ்சம் மிச்சம் இருக்கு, அதுக்கு முன்னாடி சொதசொதன்னு ஒரு புல்வெளி. போற வழில ஒரு எல்லைக்கல் இருந்துச்சு, வெள்ளை அடிச்சு நம்பர் எழுதி. பாத்தேன், என்னன்னு யோசிக்கல. அது காப்புக்காட்டோட எல்லை. கொடைக்கானல் சுத்தியிருக்குற காட்ட 2013லயே வனவிலங்கு சரணாலயமா அறிவிச்சிட்டாங்க, 600 சதுர கிலோமீட்டருக்கு மேல. வேலி இருக்காது, கேட் இருக்காது, போர்டு கூட பல எடத்துல இருக்காது, ஆனா அனுமதி இல்லாம உள்ள கால வச்சா தப்புதான். பேரிஜம் ஏரிக்கு பாஸ் வேணும்னு எல்லாருக்கும் தெரியுது, மத்த எடத்துக்கும் கேக்கணும்னு தோண மாட்டேங்குது. மொத நாளே வனத்துறை ஆபீஸ்ல போய் நான் இன்னாரு, பறவை பாக்க வந்திருக்கேன், எங்க எங்க நிக்கலாம்னு கேட்டா சொல்லிருவாங்க, அதுக்கு அரை நாள் போனாலும் பரவால்ல.

நாலரை மணிக்கு எடம் பாத்து ஒக்காந்தேன். நல்ல வெயில், நீல வானம். சின்ன ஓடை ஒண்ணு புல்லுக்குள்ள ஓடுது, தவளை சத்தம். அஞ்சேகாலுக்கு கீழ பள்ளத்துலேர்ந்து புகை மாதிரி கெளம்புச்சு, பத்து நிமிஷம் கூட ஆகல, முன்னாடி இருந்த சோலை காணாமப் போச்சு. மஞ்சு எறங்கும்னு தெரியும், இவ்வளவு வேகமா எறங்கும்னு தெரியாது. அப்பவாவது எந்திரிச்சிருக்கணும். பறவை பறக்குற நேரமே இனிமேத்தான், ஆறேகாலுக்கு சூரியன் மறைஞ்சு கொஞ்ச நேரத்துலதான் வரும், இவ்வளவு தூரம் வந்துட்டு இப்பப் போறதான்னு ஒக்காந்துட்டேன். கொஞ்சம் மேடான எடத்துக்குப் போலாம்னு எந்திரிச்சு நடந்தேன், புல்லுதான்னு வச்ச கால் முழங்கால் வரைக்கும் உள்ள போயிருச்சு, கை ஊணுனேன், கையும் போச்சு, கழுத்துல மாட்டியிருந்த கேமரா லென்ஸோட சேத்துத் தண்ணிக்குள்ள. வெளிய எடுத்தப்ப லென்ஸ் ஹூட்லேர்ந்து கருப்பா தண்ணி ஒழுகுச்சு. ஒடனே நான் என்ன செஞ்சேன்னா, வேல செய்யுதான்னு பாக்க ஆன் பண்ணேன். லைட் வந்துச்சு, அணைஞ்சது, அவ்வளவுதான். தயவுசெஞ்சு இத மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, கேமரா தண்ணில விழுந்தா ஆன் பண்ணவே கூடாது, மொதல்ல பேட்டரியக் கழட்டணும், கார்டக் கழட்டணும், லென்ஸப் பிரிச்சு தொடச்சு தனியா வைக்கணும். நான் அந்த பட்டனத் தொடாம இருந்திருந்தா உள்ள இருக்குற சர்க்யூட் போர்டாவது பொழச்சிருக்கும்னு சர்வீஸ்ல சொன்னாங்க.

அழுக வந்துருச்சு. லோன் இன்னும் பதினோரு மாசம் பாக்கி. பேன்ட் ஜீன்ஸ், முழுக்க ஈரம், ஷூக்குள்ள தண்ணி. திரும்பிரலாம்னு பாதையத் தேடி பைன் காட்டுக்குள்ள ஏறுனேன், ஆறரை இருக்கும், இருட்டு கட்டிருச்சு, டார்ச் எடுத்துட்டு வரல, போன் லைட்டுதான். லைட்ட அடிச்சா மஞ்சு வெள்ளையா சுவர் மாதிரி நிக்குது, கைக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியல. அப்ப புஸ்ஸுனு ஒரு சத்தம், டயர்ல காத்து எறங்குற மாதிரி, ரொம்பப் பக்கத்துல. நின்னேன். லைட்டக் கீழ எறக்குனேன். பாதை மேல, தரையோட ஒட்டி, வெள்ளையா நாலு காலு தெரிஞ்சுச்சு. காலு மட்டும்தான், முழங்கால் வரைக்கும் சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை, மேல ஒண்ணுமே இல்ல, வெறும் கருப்பு. அந்தக் கருப்பு முழுக்க மாடுன்னு புரிய கொஞ்ச நேரம் ஆச்சு. பின்னாடி இன்னும் நாலு, அதுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு. காட்டுமாடு. கெடாவா இருந்தா ஒரு டன் வரைக்கும் வெயிட் இருக்கும். கொடைக்கானல் டவுன்லயே நடமாடுதே, அதுக்கென்னன்னு நெனச்சவன்தான் நான், ஆனா இருட்டுல, அது வர்ற வழில, பத்தடில நின்னா அது வேற.

இதுல ஒண்ணு மட்டும் சரியா பண்ணேன், ஓடல. லைட்ட அணைச்சேன், மூஞ்சில அடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியாது. திரும்பாம அப்படியே பின்னாலயே ஒவ்வொரு அடியா வச்சு, பாதைய விட்டு எறங்கி ஒரு பைன் மரத்துக்குப் பின்னாடி ஒண்டிக்கிட்டேன். பாதைய அதுக்கு விட்டுரணும், இத அந்த ஊரு ஆளுங்க பெறகு சொன்னாங்க. கூட்டத்த விட்டுத் தனியாத் திரியிற கெடான்னா இன்னும் தூரம் வேணும். அதுங்க அவசரப்படல. புல்லக் கடிக்கிற சத்தம், பரக் பரக்குன்னு, அது ஒண்ணுதான் கேட்டுச்சு. எவ்வளவு நேரம்னு கேட்டா, ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொறைச்சல்.

அந்த மரத்தடில நிக்கிறப்பத்தான், மஞ்சு ஒரு நிமிஷம் கலைஞ்சு மேல கொஞ்சம் வெளிச்சம் தெரிஞ்சுச்சு, தலைக்கு மேல ஒண்ணு பறந்து போச்சு. குண்டு ஒடம்பு, அகலமான ரெக்கை, சோலைப் பக்கமிருந்து ஓடைப் பக்கம். மூக்கு கீழ சாஞ்ச மாதிரி இருந்துச்சுன்னு மனசு சொல்லுது. ரெண்டு செகண்ட். அது வுட்காக்கா, சோலைக்கு வர்ற வேற உள்ளானா, ராத்திரில பறக்குற பக்கிங்கிற பறவையா, என்னால சத்தியமா சொல்ல முடியாது. தலைல பட்டை பாக்கல, சத்தம் கேக்கல. லிஸ்ட்ல ஏத்தல. நெறைய பேரு ஏத்திரு ஏத்திருன்னு சொன்னாங்க, அவ்வளவு கஷ்டப்பட்டிருக்கன்னு. கஷ்டப்பட்டதுக்கும் பறவை என்னன்னு தெரியுறதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒருத்தர் தப்பா பதிஞ்சா அடுத்தவன் அத நம்பி இதே பள்ளத்துல வந்து எறங்குவான். எனக்கு வந்த அந்தப் பின்னே போட்டோ எடுத்த எடம் இல்லையாம், ரோட்டுல வண்டி நிறுத்துன எடத்த குத்துமதிப்பா போட்டதாம், அதுவும் பெறகுதான் தெரிஞ்சுது.

குளிர் பத்தி சொல்லியே ஆகணும். ஜனவரில அங்க ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழ போயிரும், பள்ளமான எடத்துல உறைபனியே விழும். மதுரைக்காரனுக்கு ஸ்வெட்டர் போட்டாச்சுன்னா குளிர் முடிஞ்சதுன்னு நெனப்பு. ஈர ஜீன்ஸ் ஒடம்புல இருந்தா ஸ்வெட்டர்லாம் ஒண்ணும் செய்யாது. மொதல்ல பல்லு தந்தியடிச்சுச்சு, அப்பறம் ஒடம்பே தூக்கித் தூக்கிப் போட்டுச்சு, அப்பறம் ஜிப்ப மேல ஏத்தலாம்னு பாத்தா வெரலு ஜிப்பப் புடிக்க மாட்டேங்குது. கொஞ்சம் ஒக்காந்து தூங்கலாம்னு ஒரு எண்ணம் வந்துச்சு பாருங்க, அது ரொம்ப ஆபத்தான கட்டம்னு டாக்டர் சொன்னாரு, நடுக்கம் தானா நின்னு தூக்கம் வந்தா ஒடம்பு சூடு எறங்கிருச்சுன்னு அர்த்தமாம். போன் 38 சதவீதம் காட்டுச்சு, திடீர்னு 4, அப்பறம் ஆஃப். சிக்னல் இல்லாத எடத்துல போன் டவரத் தேடித் தேடியே பேட்டரியத் தின்னுரும், குளிர்ல பேட்டரி இன்னும் சீக்கிரம் படுத்துரும். ஏரோபிளேன் மோட்ல போட்டு, பேன்ட் பாக்கெட்ல வைக்காம சட்டைக்குள்ள ஒடம்போட வச்சிருந்தா தாங்கியிருக்கும். மேப்ப மொதல்லயே டவுன்லோட் பண்ணி வச்சா நெட் இல்லாமலே ஜிபிஎஸ் வழி காட்டும், நான் அதையும் பண்ணல. நான் எங்க போறேன்னு ஒருத்தருக்கும் சொல்லல, ரூம்ல கூட சொல்லல, அது நெனப்பு வந்தப்பத்தான் உண்மையிலயே பயம் வந்துச்சு. ரெண்டாவது படிக்கிற பொண்ணு ஞாபகம் வந்துச்சு.

எட்டரை இருக்கும், தூரத்துல டங்கு டங்குன்னு தகரம் தட்டுற சத்தம். பூண்டு வயலுக்கு ராத்திரிக் காவல், பன்னியும் மாடும் எறங்காம இருக்க தகரத்த அடிச்சுக்கிட்டே இருப்பாங்க. அந்தச் சத்தத்துக்கு மாடெல்லாம் மெல்ல நகந்து கீழ போச்சு. நான் சத்தம் போட்டேன், தொண்டை வரல, திரும்பத் திரும்பக் கத்துனேன். தகரம் நின்னுச்சு. "யாருப்பா அது"ன்னு ஒரு கொரல். "அங்ஙனயே நில்லு, நகராத, நான் வாரேன்"னாரு. அறுவது வயசுக்கு மேல இருக்கும் அவருக்கு, கம்பளிய தலையோட போத்திக்கிட்டு கைல பெரிய டார்ச். என்னப் பாத்ததும் மொதக் கேள்வி, "ஏந்தம்பி, கூட வந்தவுக எங்க?" ஒருத்தரும் வரலன்னு சொன்னேன். ஒண்ணும் பேசல, கம்பளியக் கழட்டி என் மேல போட்டாரு. காவல் குடிசைல தீ மூட்டியிருந்தாரு, ஈர பேன்ட்டக் கழட்டச் சொல்லி அவரு வேட்டியக் குடுத்தாரு, வரக்காப்பி போட்டுக் குடுத்தாரு, டம்ளரப் புடிக்க முடியல, அவரே வாய்ல வச்சு ஊத்துனாரு. நான் நின்ன எடத்துக்கும் அந்தக் குடிசைக்கும் முன்னூறு மீட்டர் கூட இருக்காது.

ராத்திரி பேசிக்கிட்டிருந்தப்ப பறவையப் பத்திச் சொன்னேன், நீட்ட மூக்கு, சருகு கலருன்னு. "மண்ணுல மூக்கக் குத்திக் குத்தி எடுக்குமே, அதுவா? அது எங்க வாய்க்காலுக்கே வரும்யா, வெளக்கு வைக்கிற நேரம்"னாரு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

காலைல வனத்துறை ஆளுங்க ரெண்டு பேரு வந்தாங்க, ஜீப் டிரைவர் ராத்திரி என்னக் காணோம்னு தகவல் சொல்லியிருக்காரு, நல்ல மனுஷன், அந்தக் குளிர்ல ஒன்பது மணி வரைக்கும் ரோட்டுலயே நின்னுருக்காரு. அனுமதி இல்லாம உள்ள போனதுக்கு எழுதி வாங்கிட்டு 5,000 அபராதம் போட்டாங்க. எனக்கு அதுல வருத்தமே இல்ல, தப்பு என் மேல. அதுல ஒரு ஃபாரஸ்ட் கார்டு சொன்ன வார்த்தை மட்டும் உள்ள தச்சிருச்சு, "நீங்க செத்திருந்தா அந்த மாட்டத்தான் சார் எல்லாரும் குத்தம் சொல்லியிருப்பாங்க"ன்னாரு.

செலவச் சொல்றேன், நீங்களே பாத்துக்கங்க. கைடு அட்வான்ஸ் 3,500, ரூம் ரெண்டு ராத்திரி 3,200, ஜீப் வெயிட்டிங்கோட 3,600, அபராதம் 5,000, லென்ஸப் பிரிச்சு சுத்தம் பண்ண 14,800, கேமரா போர்டு மாத்த 23,000, காய்ச்சலுக்கு டாக்டர் மருந்து 1,900. மொத்தம் 55,000. கடை ஒன்பது நாள் மூடிக் கெடந்தது தனி, பொங்கல் நேரம் வேற, வண்டி சர்வீஸ் நெறைய வர்ற வாரம். லென்ஸ் திரும்பி வந்தும் உள்ள ஒரு ஓரத்துல பூஞ்சை படர்ந்திருக்கு, வெளிச்சத்துல பாத்தா சிலந்தி வலை மாதிரி தெரியும்.

இப்ப எங்க போனாலும் பைல ரெண்டு டார்ச் இருக்கு, ஒண்ணு தலைல மாட்டுறது. விசில் ஒண்ணு, கத்த முடியாதப்ப மூணு மூணா ஊதலாம். மாத்து பேன்ட்டும் சாக்ஸும் பிளாஸ்டிக் கவர்ல கட்டி, ஜீன்ஸ் கெடையவே கெடையாது. கடலைமிட்டாய். எங்க போறேன், எத்தன மணிக்குத் திரும்புவேன், அதுக்குள்ள வரலைன்னா யாருக்குப் போன் பண்ணணும்னு ஒரு பேப்பர்ல எழுதி தங்குற எடத்துல குடுத்துருவேன். அஞ்சு மணிக்கு எங்க இருந்தாலும் ரோட்டுக்கு வந்துருவேன், சாயங்காலம் பாக்குற பறவைன்னா ரோட்டுலேர்ந்தே பாக்குற எடம்தான் தேடுவேன். போய் எறங்குனதும் மொத வேல, டீக்கடைல ஒக்காந்து பேசுறது, எந்தப் பக்கம் மாடு நிக்குது, கடைசி பஸ் எப்ப, யாரு வயல் காவல்ல இருக்காங்கன்னு. அந்தப் பையனுக்கும் பின் அனுப்பல, இதையெல்லாம் எழுதி அனுப்புனேன், கூட யாராவது வந்தா நானும் வர்றேன்னு சொல்லிருக்கேன்.

பிப்ரவரி கடைசில அந்தக் காவல்கார ஐயாவப் பாக்கப் போனேன், புதுக் கம்பளி ஒண்ணு வாங்கிக்கிட்டு, கூட கடைப் பையனையும் கூட்டிக்கிட்டு. மத்தியானம் வயலுக்குக் கூட்டிட்டுப் போனாரு, தார் ரோட்டுலேர்ந்து நாப்பதடிதான் இருக்கும் அந்த வாய்க்கால். குனிஞ்சு பாக்கச் சொன்னாரு. ஈர மண்ணுல பென்சில் குத்துன மாதிரி ஓட்டை ஓட்டையா, பத்துப் பதினஞ்சு, பக்கத்துல சுண்ணாம்பு சிந்துன மாதிரி எச்சம். சாதா உள்ளானும் இப்படிக் குத்தும், அதனால உறுதியா சொல்ல மாட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் ரோட்டுல பாலத்துக் கட்டைல ஒக்காந்து ஏழு மணி வரைக்கும் பாத்தோம், வரல, சீசன் முடியிற நேரம், கெளம்பிப் போயிருக்கும். ஐயா அந்த எடத்துல ஒரு மூங்கில் குச்சிய நட்டு வச்சாரு. நேத்து போன் பண்ணப்ப குச்சி இன்னும் அங்ஙனதான் இருக்குன்னாரு, "ஐப்பசி மழை விடட்டும் தம்பி, கார்த்திகை பொறந்ததும் வா, சின்னவளையும் கூட்டிட்டு வா, கம்பளி இருக்கு"ன்னாரு.